பாரிசவாயுவை வென்ற பாஸ்டியர்

செப்டம்பர் 28-ந் தேதி, லூயி பாஸ்டியர் என்னும் பிரெஞ்சு மேதை மறைந்த தினம். 1895-ம் வருஷத்தில் அவர் காலமானார். 2008-ம் வருஷம் முதல் அத்தினத்தையே வெறிநாய்க்கடி நோய்க்கெதிரான உலக தினமாகப் பல தேசத்தாரும் அனுஷ்டித்து வருகின்றனர். நம் நீலகிரிவாசிகளுக்கு அப்பெயர் அந்நியமானதன்று. உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பைக்காராவிலும், அதைச் சூழ்ந்த மந்துகளிலும் தோட்டங்களிலும், ஒருவரை வெறிநாய் கடித்துவிட்டால், நெடுங்காலம் வரை குன்னூர்ப் பாஸ்டியர் நிலையமே அனைவருக்கும் முதலில் நினைவுக்கு வந்த இடம். அந்நிலையத்தின் பெயர் நாவிலிருக்கிறது. அப்பெயருக்குரியவரின் சரித்திரமோ நம்மவரில் பலருக்குத் தெரியாது.

அவர் கிருமிகளைக் கண்டறிந்தவர், தடுப்பூசி தந்தவர் என்ற அளவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால், அவர் புகழுக்கு முடிசூட்டிய காரியங்கள் யாவும் அவருடைய மூளை பழுதடைந்து, உடலின் இடப்பாகம் செயலற்றுப்போன பின்னர் நிகழ்ந்தவை என்பதை எத்தனை பேர் அறிவர்? பாரிசவாயு வந்தவரையும், தலையில் அடிபட்டவரையும் திண்ணைக்கும் மூலைக்கும் உரியவராகத் தள்ளிவிடும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. ஆதலின், அவருடைய சரித்திரத்தை இந்தக் கண்கொண்டு நோக்குவது நமக்குப் பயன் தருமென்று கருதுகிறோம்.

பாஸ்டியர் 1822-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி பிரான்ஸ் தேசத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள டோல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. நெப்போலியனின் சேனையில் பணியாற்றித் திரும்பியவர். குடும்பம் அர்போவா என்ற சிற்றூரில் குடியேறி வாழ்ந்தது. பாஸ்டியர் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, வெறிகொண்ட ஓநாயொன்று அப்பிரதேசத்தில் புகுந்து பலரைக் கடித்தது. கடியுண்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். அதைத் தவிர வேறு சிகிச்சை அக்காலத்தில் இல்லை. அந்தக் காட்சியையும் ஓலத்தையும் அவர் இறுதிவரை மறக்கவில்லை.

பாரிஸிலுள்ள எகோல் நோர்மால் கலாசாலையில் அவர் ரசாயனம் பயின்றார். 1848-ல், 25 வயதிலேயே, திராட்சைப் புளிப்பிலிருந்து கிடைக்கும் உப்புப் படிகங்கள் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடமும் வலமுமாக இருவகைப்படும் என்று காட்டி அறிஞர் கவனத்தைப் பெற்றார். 1849-ல் மரி லோரான் என்னும் மாதரசியை மணந்தார். பின்னர் லீல் நகரிலும் பாரிஸிலும் இருந்து, புளிப்பதற்கும் அழுகுவதற்கும் காரணம் நுண்ணுயிர்களே என்பதை நிலைநாட்டினார். இன்று நாம் பாலைப் பக்குவமாகச் சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறைக்கு அவர் பெயரே வழங்குகிறது. 1865-ல் சர்க்காரின் வேண்டுகோளின்பேரில், தென் பிரான்ஸில் பட்டுப்புழுக்களைப் பாழாக்கி ஆயிரக்கணக்கான குடியானவர்களைத் தவிக்கவிட்ட கொள்ளைநோயை ஆராயச் சென்றார்.

அவருடைய வீட்டிலோ துயரத்தின்மேல் துயரம் வந்தது. 1859-ல் மூத்த பெண் விஷக்காய்ச்சலால் இறந்தாள். 1865-ல் தந்தையார் மறைந்தார். அதே வருஷத்தில் இரண்டு வயதுக் குழந்தையொன்று இறந்தது. 1866-ல் பன்னிரண்டு வயதுப் பெண்ணொருத்தியையும் விஷக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. இத்தனைக்குமிடையே இரவுபகல் ஓயாமல் உழைத்தார். 1868-ம் வருஷம் பிறந்தபோது அவருக்கு வயது 45.

அவ்வருஷம் அக்டோபர் 19-ந் தேதி காலையில் அவருடைய இடப்பக்கத்தில் ஒருவித மரமரப்பு உண்டாயிற்று. மனைவியார் தடுத்தும் கேளாமல், இத்தாலிய அறிஞர் ஒருவரின் கட்டுரையைப் படிப்பதற்காக விஞ்ஞான சபைக்குச் சென்றார். படித்து முடித்து நண்பர்களுடன் நடந்தே வீடு திரும்பினார். இரவு சீக்கிரமாகப் படுத்தவரை நோய் மீண்டும் பற்றியது. சிறிது நேரம் பேச்சு நின்றது. இடக் கையும் இடக் காலும் அசைவற்றுப் போயின. வைத்தியர்கள் காதுக்குப் பின்னால் அட்டைகளை விட்டு இரத்தம் எடுத்தார்கள். அன்றைய வைத்திய சாஸ்திரம் அறிந்தது அவ்வளவே. பேச்சு திரும்பிற்று, கைகால்கள் திரும்பவில்லை. பல நாட்கள் வரை அவர் பிழைப்பது அரிதென்றே எல்லோரும் எண்ணினர்.

பாரிசவாயு என்று நாம் சொல்லும் நோய் கைகால்களில் பிறப்பதன்று, மூளையில் பிறப்பது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும், அக்குழாயை நம்பியிருந்த பகுதி சில நிமிஷங்களிலேயே கெடத் தொடங்குகிறது. மூளையின் வலப்பாகம் உடலின் இடப்பக்கத்தையும், இடப்பாகம் வலப்பக்கத்தையும் ஆளுகின்றன. பாஸ்டியருக்குப் பழுது நேர்ந்தது வலப்பாகத்தில். பேசும் திறனோ பெரும்பாலோருக்கு இடப்பாகத்தில் அமைந்தது. இவ்வுண்மைக்கு அடிகோலியவரும் அதே பாரிஸ் நகரத்து வைத்தியரே. ஒரே அசையைத் தவிர வேறொன்றும் பேசமுடியாதிருந்த ஒரு நோயாளி இறந்தபின், அவருடைய மூளையைச் சோதித்து, பழுது இடப்பாகத்தின் முற்பகுதியில் இருந்ததை போல் புரோக்கா என்பவர் 1861-ல் வெளியிட்டார். பாஸ்டியர் படுக்கையில் வீழ்ந்தபோது அந்த ஆராய்ச்சிக்கு வயது ஏழுதான்.

இங்கே நாம் சிறப்பாகக் கவனிக்கத்தக்க சம்பவமொன்று உண்டு. பாஸ்டியருக்காகக் கலாசாலைத் தோட்டத்தில் புதிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்று அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் நோயுற்ற செய்தி பரவியதும் கட்டட வேலை நின்றுபோயிற்று. சாகப்போகிறவருக்கு ஆராய்ச்சிக்கூடம் எதற்கு என்பது அதிகாரிகளின் கணக்குப் போலும்! படுக்கையில் கிடந்தவர், வேலை எவ்வளவு நடந்திருக்கிறதென்று பார்த்துச் சொல்லுமாறு மனைவியையும் மகளையும் தினந்தோறும் கேட்பார். அவர்கள் சன்னல் வழியே வெறிச்சோடிக் கிடந்த இடத்தை நோக்கிவிட்டு, உண்மையைச் சொல்லவும் மாட்டாமல், பொய் சொல்லவும் மாட்டாமல், பிடிகொடாத விடை பகர்ந்து வந்தார்கள். அவருக்கோ விஷயம் புலனாகாமலில்லை. தம்மை உயிரோடிருக்கும்போதே இறந்தவராகக் கணக்கிட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் நோயினும் கொடிதாக அவரை வாட்டியது. நண்பர் மூலம் இச்செய்தி சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனின் காதுக்கு எட்டிற்று. அவருடைய உத்தரவின்பேரில் வேலை மீண்டும் தொடங்கியது. அதன்பின் நோயாளியின் மனம் தேறியது. உடலும் தேறத் தலைப்பட்டது.

நம் ஊர்களில் இவ்வாறு எத்தனை சுவர்கள் பாதியில் நிற்கின்றன! பாரிசவாயு வந்தவரின் கடையைப் பூட்டிவிடுகிறோம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறோம். அவரிடம் யோசனை கேட்பதையும் நிறுத்திவிடுகிறோம். அன்பினாலேயே செய்கிறோமென்று நினைத்துக்கொள்கிறோம். படுக்கையிலிருப்பவர் அதை வேறுவிதமாக அறிந்துகொள்கிறார்.

பாஸ்டியரைத் தூக்கி நிறுத்தியவை இரண்டு: ஒன்று வேலை, மற்றொன்று சுற்றத்தார். நோய் கண்ட ஒரு வாரத்துக்குள், இரவில் காவலிருந்த மாணவர் ஜெர்னேயிடம், பட்டுப்புழு முட்டைகளில் நோயை முன்கூட்டியே அறியும் முறையைப் பற்றிய குறிப்பொன்றைச் சொல்லி எழுதுவித்தார். அக்குறிப்பு விஞ்ஞான சபையில் வாசிக்கப்பட்டது. மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாக அவரருகில் இருந்தனர். நோய் கண்டு சரியாக மூன்று மாதம் கழித்து, 1869 ஜனவரியில், தெற்கேயுள்ள பட்டுப்புழுப் பிரதேசத்துக்குத் தம்மை அழைத்துச் செல்லுமாறு பிடிவாதம் செய்து புறப்பட்டார். அங்கே குளிர் மிகுந்த ஒரு வீட்டில், ஒரு முறை கல் தளத்தில் விழுந்து அடிபட்டுக்கொண்டும், ஆராய்ச்சியை நடத்தினார். அவரால் செய்யமுடியாததை மாணவர்களின் கைகள் செய்தன. எழுதமுடியாததை மரி அம்மையார் எழுதினார். அவ்வருஷக் கடைசியில் திரியெஸ்த் நகருக்கருகிலுள்ள அரச குடும்பத்தாரின் பண்ணையொன்றில் தங்கி, பட்டுப்புழு நோயைப் பற்றிய பெருநூலை மனைவிக்குச் சொல்லிச் சொல்லி முடித்தார். 1870-ல் அது இரண்டு பாகங்களாக வெளிவந்தது.

இன்றுள்ளது போன்ற இயக்கப் பயிற்சி வைத்தியம் அக்காலத்தில் இல்லை. அவருடைய இடக் கை முழுவதும் திரும்பவே இல்லை. இடக் காலை இழுத்து நடப்பதும் கடைசிவரை மாறவில்லை. ஆயினும் இன்றைய வைத்தியர்கள் எதை வற்புறுத்துகிறார்களோ, அதை அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் அறியாமலே செய்தார்கள். பழுதடைந்த மூளைப்பகுதி மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் எஞ்சிய பகுதிகள் இடைவிடாத பழக்கத்தினால் அதன் வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள வல்லவை. பைக்காரா ஆறு மலைச்சரிவில் தன்போக்கில் விழுந்துகொண்டிருந்தது. மனிதர் அதை அணையிட்டுக் குழாய் வழியே திருப்பினர். 1932 முதல் அந்நீர் மின்சாரமாகிக் கோயம்புத்தூர் ஆலைகளுக்குச் சென்றது. அது ஒரு நாளில் ஆன காரியமன்று. கூலியாட்கள் பல்லாயிரம் முறை மண் சுமந்ததனால் ஆயிற்று. மூளையில் வேறு வழி திறப்பதும் அவ்வாறே: ஒரே அசைவை நாள்தோறும் நூறு முறை செய்வதனால் ஆவது, உடனிருந்து எண்ணுவதற்கு ஒருவர் இருந்தால் விரைவில் ஆவது.

1870-ல் ஜெர்மனியருடன் நேர்ந்த யுத்தத்தில் பிரான்ஸ் தோல்வியுற்றது. போன் நகரத்துச் சர்வகலாசாலை தமக்களித்திருந்த வைத்தியப் பட்டத்தை 1871-ல் பாஸ்டியர் திருப்பியனுப்பிவிட்டார். சேனை சிதறிப் பின்வாங்கியபோது, அதில் பணியாற்றிய தம் ஒரே குமாரரைத் தேடி, மனைவியுடனும் மகளுடனும் ஒரு பழைய வண்டியிலேறிப் பனிமூடிய சாலைகளில் அலைந்து கண்டுபிடித்தார். இழுத்து நடக்கும் காலோடு அவர் அப்பயணம் செய்தார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

உடல்நிலை காரணமாக அவர் ஸார்போன் கலாசாலை ஆசிரியப் பதவியைத் துறக்க நேர்ந்தது. 1874-ல் பிரெஞ்சு தேசிய சபை, போல் பேர் என்னும் உடலியல் அறிஞரின் பிரேரணைப்படி, அவருக்கு வருஷத்துக்கு 12,000 பிராங்கு உபகாரச் சம்பளம் வழங்க இசைந்தது. யுத்தத்தில் தோற்று, பெருந்தொகையை நஷ்டஈடாக இறுத்த தேசம், பாதி உடல் செயலற்ற ஒரு மனிதரைத் தன் செல்வமாக மதித்துப் போற்றியது. அந்தச் செலவுக்கு அது பெற்ற பயன் என்னவென்பதை இனிக் காண்போம்.

1877-ல் கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயை ஆராயத் தொடங்கினார். 1879-லும் 1880-லும் கோழிகளுக்கு வரும் காலரா நோயின் கிருமியை வலிகுன்றச் செய்து ஊசியிட்டால் அந்நோய் மீண்டும் பற்றாது என்று கண்டார். 1881-ம் வருஷம் மே மாதம், பூயி-லெ-போர் என்ற கிராமத்துப் பண்ணையில், பகிரங்கமாக ஆடுமாடுகளில் ஒரு பாதிக்கு ஊசியிட்டார். பின்னர் இருபாதிக்கும் கொடிய கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2-ந் தேதி ஜனங்கள் கூடிப் பார்த்தபோது ஊசியிட்ட ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இடாதவை மடிந்தும் மடியும் நிலையிலும் கிடந்தன.

அதன்பின் தம் இளமையில் கண்ட அந்த ஓநாயின் நோய்க்கே திரும்பினார். வெறிநோய் மூளையின் நோய். கடிவாயில் புகும் நஞ்சு நரம்பு வழியாக மெல்ல ஏறி மூளையை அடைகிறது. அடைந்தபின் பிழைப்பவர் இல்லையென்றே இன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. கண்ணுக்கும் பூதக்கண்ணாடிக்கும் புலப்படாத அக்கிருமியை வளர்க்க உயிருள்ள மூளையையே பாஸ்டியர் வயலாகக் கொண்டார். நாயின் மண்டையோட்டைத் துளைத்து நேரே மூளையில் நஞ்சைச் செலுத்த வேண்டியிருந்தது. தாமே மூளைப் பழுதால் துன்புற்றவராதலின் அதற்கு அவர் மனம் துணியவில்லை என்று கொள்வது பிழையாகாது. அவர் இல்லாத நேரத்தில் அவருடைய துணைவர் ரூ அதைச் செய்தார். மறுநாள் செய்தி கேட்ட பாஸ்டியர், பாவம், அப்பிராணிக்குக் கைகால் விழுந்திருக்குமே என்று வருந்தினார். ரூ அந்த நாயைக் கொண்டுவந்து விட, அது ஒரு குறையுமின்றி அறையெங்கும் ஓடிற்று. நாய்களிடம் அவ்வளவாகப் பிரியம் இல்லாத பாஸ்டியர், அதைத் தட்டிக்கொடுத்து மகிழ்ந்தாராம்.

நோயுற்ற முயலின் முதுகுத்தண்டை எடுத்து உலர்ந்த காற்றில் தொங்கவிட்டால், நாளுக்கு நாள் நஞ்சின் வலி குன்றி, சுமார் இரண்டு வாரத்தில் அற்றுப்போகிறதென்று கண்டார்கள். வலியற்றதில் தொடங்கி வலியுள்ளது வரை படிப்படியாக ஊசியிடுவதே சிகிச்சை. 1885-ம் வருஷம் ஜூலை 6-ந் தேதி, அல்ஸாஸிலிருந்து ஒரு தாய், வெறிநாயால் பல இடங்களில் கடியுண்ட ஒன்பது வயது மகன் ஜோஸப் மைஸ்தரை அழைத்துக்கொண்டு வந்தாள். பாஸ்டியர் வைத்தியரல்லர், ஆதலின் கிராஞ்சே என்னும் வைத்தியர் ஊசியிட்டார். பதினொரு நாட்களில் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான், பிற்காலத்தில் பாஸ்டியர் நிலையத்தின் வாயிற்காவலராக விளங்கினான். அதே வருஷக் கடைசியில், தலையில் கடியுண்ட பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்து 37 நாட்கள் கழித்துக் கொண்டுவந்தார்கள். காலம் கடந்ததென்று அறிந்தும், மறுக்க மனமின்றி ஏற்றுக்கொண்டார். அவள் இறந்தபோது அருகிலிருந்து கண்ணீர் விட்டார். 1886 மார்ச்சில் ருஷியாவின் ஸ்மோலென்ஸ்க் பிரதேசத்திலிருந்து ஓநாய் கடித்த 19 பேர் வந்தனர். 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினர்.

உலகெங்கும் ஜனங்கள் பணம் அனுப்பினர். 20 லட்சம் பிராங்குக்கு மேல் சேர்ந்து பாஸ்டியர் நிலையம் எழுந்தது. ஆனால் 1887-ல் மீண்டும் அவரை நோய் தாக்கி நாவைத் தளரச் செய்தது. 1888 நவம்பர் 14-ந் தேதி நிலையம் திறக்கப்பட்டபோது அவருடைய உரையை அவர் குமாரரே வாசிக்க வேண்டியதாயிற்று. 1892-ல் எழுபதாம் பிறந்த நாளன்று ஸார்போன் மண்டபத்தில், பிரெஞ்சு குடியரசுத் தலைவரின் கையைப் பற்றிக்கொண்டு மெல்ல நடந்துவந்த அவரை, இங்கிலாந்து தேசத்து ரண வைத்திய நிபுணர் லிஸ்டர் எழுந்து தழுவிக்கொண்டார். அன்றும் குமாரரே அவர் குரலானார். 1895-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி, குடும்பத்தாரும் மாணவர்களும் சூழ்ந்திருக்க, உயிர் நீத்தார். முதல் நோய் கண்டபின் அவர் வாழ்ந்த காலம் ஏறக்குறைய 27 வருஷம்.

பாஸ்டியர் குற்றமற்ற தெய்வமென்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய குறிப்புப் புத்தகங்கள் பிற்காலத்தில் அறிஞர் பார்வைக்கு வந்தபோது, சில விஷயங்களில் அவர் வெளியில் சொன்னதும் உள்ளே எழுதியதும் ஒத்திருக்கவில்லை என்று தெரியவந்தது. பூயி-லெ-போர் பரீட்சையில் வழங்கிய மருந்து, அவர் வெளியிட்டிருந்த முறைப்படி தயாரானதன்று. தம் துணைவர் ஷாம்பெர்லான் வகுத்த முறைப்படி தயாரானது. இக்குறைகளை மறைப்பது அவருக்கும் பெருமையாகாது, நமக்கும் பயனாகாது. மனிதராக இருந்து அவர் சாதித்ததே நமக்கு வழிகாட்டி.

நம் தேசத்தில் முதல் பாஸ்டியர் நிலையம் 1900-ல் இமயமலைச்சாரலிலுள்ள கசௌலியில் ஏற்பட்டது. 1907-ல் தென்னிந்தியாவுக்கான நிலையம் குன்னூரில் திறக்கப்பட்டது. ஹென்ரி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடை அதற்கு உதவிற்று. 1902-ல் ஓர் ஆங்கிலப் பெண்மணி வெறிநோயால் இறந்ததே அதற்குத் தூண்டுகோல் என்று வரலாறு வழங்குகிறது. அதற்கு முன் கணக்கற்ற நம்மவர் அதே மரணம் எய்தியும் அன்றைய அரசாங்கத்தின் உறக்கம் கலையவில்லை என்பதை மாத்திரம் குறிப்பிட்டு மேற்செல்கிறோம். 1977-ல் அந்நிலையம் மத்திய சர்க்காரின் கீழ்த் தன்னாட்சி நிறுவனமாயிற்று.

இந்த நன்மைக்குள்ளும் ஒரு தீமை மறைந்திருந்தது. டேவிட் செம்பிள் என்பவர் கசௌலியில் 1911-ல் வகுத்த முறைப்படி, ஆட்டின் மூளையிலிருந்து செய்த மருந்தே நெடுங்காலம் நம் நாடெங்கும் வழங்கியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் முன்னோர் அஞ்சியது அதைத்தான். அம்மருந்திலிருந்த நரம்புப் பொருள் காரணமாக, ஊசியிட்டுக்கொண்டோரில் சிலருக்குத் தம் மூளையின்மீதே உடல் போர் தொடுத்துக் கைகால் விழுந்தது. மூளையின் நோயைத் தடுக்க வந்த மருந்தே மூளைக்குப் பழுது செய்தது! உயிரணு வளர்ப்பில் செய்யும் புதிய மருந்து வந்த பின்னரும் பல வருஷம் தாமதித்து, 2004-ம் வருஷக் கடைசியிலேதான் அப்பழைய மருந்தின் உற்பத்தியை நம் தேசம் நிறுத்தியது. அதனால் முடங்கியவர்களின் குடும்பங்கள் பட்ட பாட்டை எழுதிவைத்தவர் எவருமில்லை.

மூளைப் பழுதுக்கு வைத்தியம் செய்வதில் தமிழ்நாடு பின்தங்கியதன்று. வேலூர் கிறிஸ்துவ ஆஸ்பத்திரியில் 1949-ல் டாக்டர் ஜேகப் சாண்டியும், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950-ல் டாக்டர் பா. ராமமூர்த்தியும் மூளை அறுவை வைத்தியத்துக்கு அடிகோலினர். வேலூரிலேயே 1966-ல் புனர்வாழ்வு நிலையம் ஒன்று எழுந்தது. அதற்குக் காரணமாயிருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பிறரை எழுந்து நிற்கச் செய்தவர். பாஸ்டியரின் கதை பிரெஞ்சு தேசத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பதற்கு அவ்வம்மையாரே சாட்சி.

எனினும், வேலூரும் சென்னையும் வேறு, பைக்காரா வேறு. மலைச்சாலைத் திருப்பங்களில் வண்டி கவிழ்ந்தும், மரத்திலிருந்து விழுந்தும் தலையில் அடிபடுபவர் பலர். பாரிசவாயு கண்டவருக்கு, இரத்தக்கட்டியால் வந்த நோயென்று மூளைப்படம் எடுத்து உறுதிசெய்து, நாலரை மணி நேரத்துக்குள் அக்கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தினால் பெரும்பயன் உண்டு. காலையில் வாய் கோணியதைக் காற்று பட்டதென்று எண்ணி மாலைவரை எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் அந்த நாலரை மணி திரும்பி வருமா? வாய் கோணுதல், கை தாழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் 108-ஐ அழைக்க வேண்டுமென்பதை ஒவ்வொரு மந்துக்கும், ஹட்டிக்கும், தோட்டத்து லயத்துக்கும் எட்டச் செய்வது தேசத் தொண்டர்களின் கடமை.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையென்று சொல்ல மாட்டோம். விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் திட்டமும், வீடு தேடி வந்து இயக்கப் பயிற்சியளிக்கும் மக்களைத் தேடி மருத்துவமும் 2021-ல் தோன்றின. உதகையில் 2022-ல் வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் 48 மணி நேரத்துக்குப் பின் வருவது 48 வருஷம்! ஆஸ்பத்திரி உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விடைபெறுகிறது. மறதி, கோபம், சொல் தேடித் தவித்தல், காரணமின்றி அழுதல் இவையெல்லாம் மூளைப் பழுதின் விளைவென்று எவரும் வீட்டாருக்குச் சொல்லியனுப்புவதில்லை. வீட்டார் அதைக் குணக்கேடென்று கருதி வெறுக்கின்றனர். அல்லது மந்திரவாதியை நாடுகின்றனர். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டிருக்கிறது. விபத்தால் வந்த மூளைக்காயம் அவற்றில் தனி வகையாக இல்லை. நடக்க முடியாதவர் ஒரு தலைப்பிலும், பேச முடியாதவர் வேறொரு தலைப்பிலும் இடம் தேடிக்கொள்ளலாம். கைகால் நன்றாயிருந்து, நினைவும் குணமும் மாறிப்போனவர் எந்த வாசலில் போய் நிற்பார்?

பாஸ்டியருக்கு மனைவி இருந்தார்; மாணவர் இருந்தனர்; சக்கரவர்த்தியின் செவி இருந்தது; தேசிய சபையின் உபகாரச் சம்பளம் இருந்தது. தேயிலை பறிக்கும் கூலிப் பெண்ணொருத்திக்குப் பாரிசவாயு வந்தால் அவளுக்கு இருப்பது என்ன? கணவன் வேலைக்குப் போகாவிட்டால் உலை ஏறாது; போனால் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லை. மூத்த பெண்ணின் படிப்பு அன்றோடு நிற்கும். ஆகவே நாம் கேட்பவை மூன்று. மலை ஜில்லாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இயக்கப் பயிற்சியோடு பேச்சுப் பயிற்சியும் கிடைக்க வேண்டும். நோயாளியைப் பேணும் குடும்பத்தாருக்குப் பேணும் முறையைக் கற்பிப்பதுடன், அவர்கள் இழக்கும் கூலிக்கு ஈடும் வேண்டும். மூளைக்காயத்தைச் சட்டம் பெயர் சொல்லி ஏற்க வேண்டும்.

சர்க்காருக்கு இவ்வளவு. நமக்கோ இன்னும் எளிய கடமை ஒன்று உண்டு. நம் வீட்டில், நம் தெருவில், பாதி உடலோடு படுத்திருப்பவர் ஒருவர் இருப்பார். அவருடைய கட்டடத்தில் வேலை நின்றுவிட்டதா என்று சன்னல் வழியே நாம் ஒரு முறை எட்டிப் பார்ப்போமாக. நின்றிருந்தால் மீண்டும் தொடங்கச் செய்வோமாக. அவருக்குரிய ஒரு சிறு வேலையை, அவர் பதில் சொல்லவேண்டிய ஒரு கேள்வியை, நாளைக் காலையிலேயே அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்போமாக.